அம்மா பிரிக்காமல் கொடுத்துவிட்ட புத்தகம்

சித்தி, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன். அம்மாவுக்காக எதையும் குறைக்கவும் மாட்டேன். நீங்கள் இருந்திருந்தால் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் என் முகத்தைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்திருப்பீர்கள். இப்போது எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று மாலை தேங்காய் துருவும்போது விரலைச் சீவிக்கொண்டேன். அம்மா வெள்ளை பிளாஸ்டரைக் கிழித்துச் சுற்றினார். ரப்பரும் மருந்தும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் வலி மறந்துபோய் தீபாவளி நினைவுக்கு வந்தது. பரிசுப் பொட்டலத்தைக் கிளினிக் பிளாஸ்டரால் ஒட்டுகிற ஆள் உங்களைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. மளிகைக் கடைக் காலண்டரில் கிழித்த பழைய தாள், நாலு ஓரத்திலும் வெள்ளை பிளாஸ்டர். ஏன் இப்படி என்று கேட்டால், "டேப்பு பிச்சுக்கும்லா. இது புண்ணையே புடிச்சு வைக்குது, புத்தகத்தப் புடிக்காதா?" என்பீர்கள்.

ஈப்போவில் கிளினிக் முகப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து உங்களுக்குச் சந்தேகப்படுவது தொழிலாகவே ஆகிவிட்டது. எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்க வருகிறவர் கதவைத் தள்ளும் விதத்திலேயே அவருக்கு உண்மையில் வயிற்று வலியா, இல்லை மறுநாள் கல்யாண வீடா என்று சொல்லிவிடுவீர்கள். ஒரு பள்ளி விடுமுறை நாளில் நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "பாரு, வலது பக்கம் புடிச்சுட்டு வாரான். போகும்போது எடது பக்கம் புடிப்பான்" என்று என் காதில் சொன்னீர்கள். அப்படியேதான் பிடித்துக்கொண்டு போனார்.

உங்கள் புத்தகங்கள் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. நீங்கள் படிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்குப் புத்தகம்தான். மற்ற உறவினர்கள் எல்லாம் பணம் வைத்த அங்பாவ் உறையை நீட்டும்போது நீங்கள் மட்டும் காலண்டர் பொட்டலத்தை நீட்டுவீர்கள். ஒருமுறை கேட்டேவிட்டேன், இதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினீர்களா என்று. "நான் ஏன் படிக்கணும்? படிச்சுட்டா நீ எனக்குக் கதை சொல்ல மாட்டியே" என்றீர்கள். அது உண்மையான காரணமா, சோம்பேறித்தனத்துக்குச் சொன்ன சாக்கா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

போன தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பொட்டலங்களோடு வந்தீர்கள். ஒன்று எனக்கு, எறும்புகளைப் பற்றிய புத்தகம். இன்னொன்றை அம்மாவிடம் நீட்டினீர்கள். அதுவரை அம்மாவுக்கு நீங்கள் புத்தகம் கொடுத்ததே இல்லை. சேலை, குக்கர், ஒருமுறை மின்விசிறி. அம்மா பொட்டலத்தை வாங்கி இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். துணி என்றால் அழுத்தினால் தெரியும், பிஸ்கட் டின் என்றால் குலுக்கினால் தெரியும். புத்தகம் அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது.

"புத்தகமா? எனக்கா?"

"ஒனக்குத்தான் அக்கா. நான் போனப்புறம் பிரி."

"ஏன், எனக்குப் படிப்பில்லன்னு சொல்லிக் காட்றியா?"

உங்கள் வாயில் முறுக்கு இருந்தது. நீங்கள் சிரித்தீர்கள். "ஆமாலா, படிச்சு வையி. பொங்கலுக்கு வந்து பரீட்ச வைக்கப் போறேன்."

கூடத்தில் இருந்த விருந்தாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அதை நீங்கள் பார்த்தீர்களா என்று நான் பலமுறை யோசித்துவிட்டேன். உங்களுக்கு மாலை ஷிப்ட் இருந்தது. அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். முதலாளி தோட்டத்தை விற்றதில் தாத்தாவுக்கு வேலை போனபோது அம்மா பதினைந்து வயதில் ஃபார்ம் திரியோடு பள்ளியை நிறுத்திக்கொண்டு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நீங்கள் எஸ்.பி.எம். பரீட்சை வரை படித்தீர்கள். அப்படிப்பட்ட அக்காவுக்குத் தங்கை புத்தகம் கொடுத்து, எல்லார் முன்னாலும் பரீட்சை என்றும் சொன்னால் என்ன அர்த்தம்? நான் அம்மாவாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

பொங்கலுக்கு வந்தீர்கள். அம்மா அடுப்பில் பால் வைத்திருந்தார். நான் கதவோரம் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"படிச்சியா அக்கா?"

"ம்."

"எது வரைக்கும்?"

"பாதி."

"அப்ப சொல்லு. யாரு மேல சந்தேகம்?"

அம்மா கரண்டியை எடுத்து நங்கென்று வைத்தார். "ஒன் மேலதான்."

நீங்கள் சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தீர்கள். இது சண்டையா விளையாட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்து வந்த சீனப் பெருநாள் முடிந்த வாரம், கிளினிக் மேசையிலேயே தலை சுற்றி விழுந்தீர்கள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். நீங்கள் கண் திறக்கவே இல்லை.

அதன் பிறகு அம்மா உங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. உங்கள் ஹெல்மெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிக் காயவைத்தார். அவ்வளவுதான். நானும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் போன வாரம் தீபாவளிக்காக ஸ்டோர் அறையை ஒழித்துச் சுத்தம் செய்தபோது எறும்புப் புத்தகத்தின் காலண்டர் தாள் கிடைத்தது. பிளாஸ்டர் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"அம்மா, சித்தி உங்களுக்குக் குடுத்த புத்தகம் எங்க?"

"எங்கயாச்சும் இருக்கும்."

"எங்க?"

"வேலையப் பாரு பாப்பா."

எனக்கு அப்போதே சந்தேகம். கையில் எடுத்த கரண்டியைக்கூட எங்கே வைத்தேன் என்று மறக்காதவர் அம்மா. அலமாரியில் தேடினேன். சாமி மேசைக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், அரிசி வாளிக்குப் பின்னால்கூடத் தேடினேன். அம்மா என்னைத் தடுக்கவும் இல்லை, எனக்கு உதவவும் இல்லை. குப்பையில் போட்டிருப்பாரோ என்று நினைத்தேன். கோபத்தில் எரித்திருப்பாரோ என்றும் நினைத்தேன். அம்மாவைப் பற்றி அப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் திரேசா ஆன்ட்டி முறுக்கு அச்சு கேட்டு வந்தார். "என்னா பாப்பா, வீட்டையே கவுத்துப் போட்டிருக்க?"

"சித்தி குடுத்த பொட்டலம் ஆன்ட்டி. பிளாஸ்டர் ஒட்டி இருக்கும்."

"பிளாஸ்டரா? அலாமா, அதுவா? போன கிறிஸ்மஸுக்கு ஒங்கம்மா எனக்குக் குடுத்தாங்களே, அது..." ஆன்ட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இதைத் திட்டமிட்ட துரோகம் என்று எழுதினால் பொய் ஆகிவிடும். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கொடுத்தவர் முன்னால் பரிசைப் பிரித்தால் அலைகிறோம் என்று நினைப்பார்களாம். அதனால் எல்லாம் ஸ்டோர் அறைக்குப் போய்விடும். அடுத்த பெருநாளுக்கு வேறு வீட்டுக்குப் போகும்போது கைக்கு அகப்படுவதை எடுத்துக்கொண்டு போவார்கள். தீபாவளிப் பொட்டலம் கிறிஸ்மஸுக்குப் போகும், கிறிஸ்மஸ் பொட்டலம் பொங்கலுக்கு. ஒருமுறை நாங்கள் கொடுத்த பிஸ்கட் டின்னே மூடியில் அதே சொட்டையோடு எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. அம்மா அதை மறுபடியும் யாருக்கோ கொடுத்தார். ஆனால் பிளாஸ்டர் ஒட்டிய பொட்டலம் யாருடையது என்று தெரியாமல் அம்மா எடுத்திருக்க முடியாது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"இப்ப அது ஒங்ககிட்ட இருக்கா ஆன்ட்டி?"

"இல்லலா. பொங்கலுக்கு லோரி ஓட்டுற மணியத்துக்குக் குடுத்துட்டேன். என் ஐஸ்பெட்டியத் தூக்கி எறக்கி வச்சுட்டு ஒண்ணும் வேணான்னாரு. சும்மா அனுப்ப முடியுமா?"

"பிரிச்சே பாக்கலியா?"

"பிரிச்சுட்டா அப்புறம் எப்படிம்மா இன்னொருத்தருக்குக் குடுக்கறது?"

மணியம் மாமா வீடு பழைய தோட்டத்துப் பக்கம். போகலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்றார். அப்படியென்றால் நான் சைக்கிளிலேயே போகிறேன் என்றேன். லோரிகள் ஓடுகிற சாலை அது. அம்மா கார் சாவியை எடுத்தார்.

செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில்தான் அம்மா வாயைத் திறந்தார். "அது என்னா புத்தகம்னு தெரிஞ்சுக்கப் பயமா இருந்துச்சு பாப்பா. வீட்ல இருந்தா என்னைக்காச்சும் பிரிச்சுருவேன்னுதான் குடுத்தேன்."

"நல்ல புத்தகமா இருந்தா?"

"அப்படி இல்லாம இருந்தா?"

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். உங்கள் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். முதியோர் கல்விப் பாடநூலாக இருக்கலாம். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் புத்தகமாக இருக்கலாம். விளையாட்டாக நினைத்து நீங்கள் அதைக்கூட வாங்கியிருப்பீர்கள். நீங்கள் இருந்தால் அம்மா திட்டுவார், நீங்கள் சிரிப்பீர்கள், அத்தோடு முடிந்திருக்கும். இப்போது அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பதுதான் அம்மாவிடம் நீங்கள் கடைசியாகச் சொன்னது. அது குத்தலாக இருந்தால் அம்மா அதை ஆயுள் முழுக்கச் சுமப்பார். தேடிக்கொண்டு போனது நானல்லவா? காரைத் திருப்பச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

மணியம் மாமா வீட்டுக்கு முன்னால் லோரி நின்றது. அவர் அதன் கேபினில் கால் நீட்டி, மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். கையில் புத்தகம். அதற்கு உங்கள் காலண்டர் தாளையே அட்டையாகப் போட்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்க மாட்டேன்."

அம்மாவின் முகம் கறுத்தது. "அது என் தங்கச்சி குடுத்ததுண்ணே. அவ இப்ப இல்ல."

"ஐயோ, தெரியும்மா. கேள்விப்பட்டேன். நான் குடுக்காம எங்க போயிருவேன்? இன்னும் ஒரு அத்தியாயம்தான் பாக்கி. லோடு ஏத்துற எடத்துல ரெண்டு ரெண்டு பக்கமாப் படிச்சு இங்க வந்து நிக்கறேன். கொலைகாரன் யாருன்னு தெரியாம குடுத்துட்டு நான் எப்படித் தூங்குறது?"

"கொலையா?" என்றார் அம்மா.

"துப்பறியும் கதைம்மா. முதல் பக்கத்துலயே எஸ்டேட் மேனேஜர் செத்துருவாரு."

"யாரு மேலண்ணே சந்தேகம்?"

யோசிக்காமல் அம்மாவின் வாயிலிருந்து வந்த கேள்வி அது. கேட்ட பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். மணியம் மாமா மகிழ்ச்சியோடு, டாக்டர் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது, இப்போது கணக்கப்பிள்ளை மேல், ஏனென்றால் மழை பெய்த அன்று அவன் குடை நனையவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

அங்கேதான் அம்மா எனக்குச் சொன்னார், சித்தி. நீங்கள் ஏன் ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை? தொழிற்சாலையில் முதல் சம்பளம் வாங்கியதிலிருந்து அம்மா பழைய பேப்பர் கடையில் துப்பறியும் கதைகளாகத் தேடி வாங்கி வருவாராம். தோட்டத்து லயத்து வீட்டில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு உங்களுக்கு வாய்விட்டுப் படிப்பாராம். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடி மார்மேல் வைத்துக்கொண்டு, "யாரு மேல சந்தேகம்? சொன்னாத்தான் மிச்சம்" என்பாராம். நீங்கள் ஒவ்வொரு முறையும் தப்பான ஆளைச் சொல்லி அழுவீர்களாம். கல்யாணம், குழந்தை, ஷிப்ட் வேலை என்று அம்மா அதையெல்லாம் மறந்தேபோயிருக்கிறார்.

"அவ என் கேள்விய எங்கிட்டயே கேட்டுருக்கா" என்றார். "நான் சண்டைக்கு இழுக்கறான்னு நெனச்சேன்."

நாங்கள் காத்திருந்தோம். மணியம் மாமாவின் மனைவி கோப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவரு எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள தீபாவளியே வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாயத் தொடங்கியதும் மாமா கேபின் விளக்கைப் போட்டுக்கொண்டார். உதடு அசைய அசையப் படித்தார். ஓர் இடத்தில், "அடப் பாவி!" என்று கத்தினார்.

"சொல்லாதீங்கண்ணே!" என்று அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அம்மா இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மாமா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் புத்தகத்தை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஈப்போ பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையின் முத்திரை இருக்கிறது. என் எறும்புப் புத்தகத்திலும் அதே முத்திரைதான். அந்தக் கடையில் ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று வாசலிலேயே பெட்டி வைத்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் நீங்கள் தேடி எடுத்தது எது, கூடவே வந்தது எது? உங்களுக்கு அந்தப் பாயும் கேள்வியும் நினைவுக்கு வந்து வாங்கினீர்களா, அல்லது வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாளில் சுற்றும்போதுதான் அட்டையைப் பார்த்தீர்களா? இதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"இருக்கட்டுமே" என்றார் அம்மா. "சும்மா வந்ததையும் எனக்குத்தான குடுத்தா."

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவரின் கையைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவர் நீங்கள். பாதி படித்தேன் என்று அம்மா சொன்னபோது, அவர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் சுவரைத் தட்டிச் சிரித்தீர்களா? தெரிந்திருந்தால் ஏன் அங்கேயே சொல்லவில்லை? என்றைக்காவது பிரிப்பார், அப்போது புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்களா? எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் அன்று சிரித்த சிரிப்பில் வருத்தம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவற்றில் இந்தக் கேள்வியும் ஒன்று.

இந்தத் தீபாவளிக்கு நான் நான்கு வீடுகளுக்குப் புத்தகம் கொடுக்கப் போகிறேன். திரேசா ஆன்ட்டிக்கு ஒன்று, மணியம் மாமாவுக்கு இன்னொரு கொலைக் கதை. கொடுத்துவிட்டுக் கிளம்ப மாட்டேன். பிரித்தால்தான் போவேன் என்று வாசலிலேயே நிற்கப் போகிறேன். அலைகிறாள் என்று சொல்லட்டும். ஏன் உங்களுக்கு இந்தப் புத்தகம் என்பதையும் அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். யாரும் பின்னால் காரணத்தைத் தேடிக்கொண்டு லோரி வரைக்கும் போக வேண்டாம்.

அன்று என் கையிலிருந்து வாங்கிய பிறகு அம்மா புத்தகத்தை என்னிடம் தரவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இதே மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இன்று கடைசி அத்தியாயத்தைப் படித்தார். இப்போதுதான் மூடினார்.

"யாரும்மா?" என்றேன்.

"நான் நெனச்ச ஆளுதான்."

"முன்னாலேயே கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ம்." அட்டையைத் தடவினார். "சரியாச் சொல்லிட்டேன். இத இப்ப யாருகிட்ட சொல்றது?"

மணியம் மாமாவுக்குப் போன் போடலாமே என்றேன். அவருக்குத்தான் தெரியுமே என்றார். பிறகு எழுந்தார். நான் இன்னும் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பார்த்தும், அவர் முகத்தை நான் பார்ப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.